இருபது நிமிடத்தில் 'ஆபத்து குறைவு' என்று எழுதிவிட முடியுமா?

கேள்வி, ஜூன் 3

என் தம்பிக்கு 26 வயது. மூன்று வாரமாக ஆளே சரியில்லை. "நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நல்லது" என்று இரண்டு முறை சொல்லிவிட்டான். பயந்துபோய் மனநல நெருக்கடிக் குழுவை அழைத்தோம். இருவர் வீட்டுக்கு வந்தார்கள். ஹாலில் எங்கள் எல்லார் முன்னாலும் அவனை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். அவன் காலை ஆட்டிக்கொண்டே, சிரித்த முகமாக, "இப்போது பரவாயில்லை, புது மாத்திரை ஆரம்பித்து ஒன்பது நாள் ஆகிறது, தூக்கம்தான் வரவில்லை" என்றான். இருபதே நிமிடம். 'ஆபத்து குறைவு' என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் படி இறங்குவதற்குள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இது என்ன மதிப்பீடு? இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 10:40

பதினான்கு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். முதலில் இன்றைய இரவைப் பார்ப்போம். தம்பியைத் தனியாக விடாதீர்கள். கதவைச் சாத்திக்கொள்ளட்டும், தாழ் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், பெரியவர்களுடையது உட்பட, நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி அந்தப் பேச்சு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 14416, அமெரிக்காவில் 988, இங்கிலாந்தில் 111 அழைத்து 2-ஐ அழுத்த வேண்டும். மூன்றுமே இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் நேராக ஆம்புலன்ஸ்.

வந்தவர்களைப் பற்றி: இருபது நிமிடம் என்பதை மட்டும் வைத்து அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே இரவில் ஐந்து வீடு ஏறி இறங்கிய நாட்கள் எனக்கும் உண்டு. சிரித்துப் பேசுகிறவர், தூக்கம் தவிர வேறு குறை சொல்லாதவர், சுற்றிலும் அக்கறையான குடும்பம் என்றால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

ஜூன் 4, காலை 6:15

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். படுத்த பிறகு உங்கள் கேள்வியே மனதில் ஓடியது. எழுந்து மறுபடி படித்தேன். 'எங்கள் எல்லார் முன்னாலும்' என்ற மூன்று சொல்லை நேற்று தாண்டிப் போய்விட்டேன்.

அப்பா அம்மா உட்கார்ந்திருக்கும் ஹாலில் எந்தப் பிள்ளை "எனக்குச் சாக வேண்டும் போல இருக்கிறது" என்று சொல்லும்? அவர்கள் முகம் வாடக் கூடாது என்பதற்காகவே சிரிக்கும். நாங்கள் போன எத்தனையோ வீடுகளில், அழைத்தவர்களைவிட யாருக்காக அழைத்தார்களோ அவர்தான் நிதானமாகத் தெரிந்தார். அந்த நிதானம் குடும்பத்துக்காகப் போட்டுக்கொண்ட சட்டை. தனியே உட்கார்ந்தால் அரைமணியில் பொத்தான் ஒவ்வொன்றாகக் கழலும். அதனால் ஒரு வருகையில் குறைந்தது இரண்டு பேச்சு நடக்க வேண்டும்: அவரோடு தனியாக ஒன்று, வீட்டாரோடு தனியாக ஒன்று. "எங்களிடம் சொல்லாத எதையாவது உங்களிடம் சொன்னாரா?" என்று உங்களை ஒரு ஓரமாக அழைத்துக் கேட்டிருந்தால், அந்த இரண்டு முறை சொன்னதை நீங்கள் அங்கேயே சொல்லியிருப்பீர்கள். கேட்கவில்லை. அது பிழைதான்.

இன்னொன்று அந்த 'குறைவு' என்ற சொல். குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று கட்டம் போட்டு ஒன்றில் டிக் அடிக்கும் பழக்கத்தை நானும் வருடக்கணக்காகச் செய்தேன். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டு நெறிகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு 2022-இல் வெளிப்படையாகவே எழுதிவிட்டது: தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர்களை இப்படி மூன்றாகப் பிரிக்காதீர்கள், யார் தற்கொலை செய்துகொள்வார் என்று முன்கூட்டிச் சொல்ல மதிப்பெண் பட்டியல்களைப் பயன்படுத்தாதீர்கள் என்று. அதற்கு ஐந்து வருடம் முன்பே, 2017-இல், ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. இத்தனை ஆபத்துக் காரணிகளை வைத்துக்கொண்டும் நம் கணிப்பு, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று அதில் தெரிந்தது. படித்த அன்று எனக்குத் தூக்கம் போனது. நான் 'குறைவு' என்று எழுதிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

அப்படியானால் எதற்கு வீடு தேடிப் போகிறோம்? இந்த மனிதருக்கு இன்று இரவு என்ன வேண்டும், யார் கூட இருப்பார், எது கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும், நாளை யார் எத்தனை மணிக்கு மறுபடி வருவார் என்பதைத் தீர்மானிக்கத்தான். உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் இந்த நான்கில் எதையுமே சொல்லாமல் போயிருக்கிறார்கள். எழுதிய சொல்லைவிட அதுதான் என்னை உறுத்துகிறது.

ஜூன் 4, மதியம்

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: "நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே தூண்டிவிட்டதாக ஆகாதா?"

ஆகாது. இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள், என் அனுபவமும் அதுவே. கேட்டவுடன் எதிரில் இருப்பவருடைய தோள் இறங்குவதை எத்தனையோ முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். சுற்றி வளைத்து, "தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?" என்று கேட்பதுதான் கெடுதல். 'இல்லையே' என்று முடித்தாலே எந்தப் பதில் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டோம். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" இவ்வளவுதான் கேள்வி. ஆமாம் என்றால் அடுத்தது: எப்படி என்று யோசித்ததுண்டா, செய்தே தீர வேண்டும் என்று இருக்கிறதா, அதற்காக ஏதாவது தயார் செய்தீர்களா. தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்கப் பயன்படும் கொலம்பியா கேள்வித்தாள் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் போகும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது, அவ்வளவே. வரிசை மனதில் இருக்கட்டும், கண் அவர் மேல் இருக்கட்டும்.

ஜூன் 5, காலை

வீட்டுக்குள் வந்தால் எதையெல்லாம் பார்ப்பீர்கள் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். விவரமாகவே சொல்கிறேன். ஆட்கள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். தனியாக இருக்கும் ஒரு பெரியவர், அறுபது தாண்டியவர். மகள் வெளியூரிலிருந்து அழைத்துச் சொன்னதால் போனோம். மூன்று அறையிலும் சுவர்க்கடிகாரம் நின்றிருந்தது. ஒன்று நாலேகால், ஒன்று பத்து ஐம்பது, இன்னொன்றில் முள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. 'நேர உணர்வு இல்லை, தன்னைக் கவனித்துக்கொள்ளவில்லை' என்று மனதுக்குள் எழுதியாகிவிட்டது. என்னோடு வந்த மூத்த நர்ஸ் அப்படி எதையும் முடிவு செய்யாமல், "கடிகாரமெல்லாம் நிக்குதே ஐயா, என்ன ஆச்சு?" என்று கேட்டார். பெரியவர் எங்களை ஜன்னலுக்கு அழைத்துப் போனார். மூன்று பேட்டரியும் ஜன்னல் கட்டையில் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. "ராத்திரி டிக்டிக்னு கேக்குது, தூங்க முடியல. மனைவி இருந்தவரைக்கும் அந்தச் சத்தம் காதிலேயே விழுந்ததில்லை" என்றார். மனைவி போய்ப் பதினோரு வாரம் ஆகியிருந்தது. அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். நான் தயாராக வைத்திருந்த கேள்விகளில் எதுவும் அவரை அங்கே கொண்டுபோயிருக்காது.

அதே பெரியவர்தான், நாங்கள் அலமாரி, மூலை, கதவிடுக்கு என்று கண்ணை ஓட்டியதைப் பார்த்துவிட்டு, "என்னை மதிப்பிட வந்தீங்களா, வீட்டை மதிப்பிட வந்தீங்களா? விலை பேச வந்தவங்க மாதிரி பாக்குறீங்களே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் வலி இருந்தது. அன்றிலிருந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவேன்: எங்கே உட்காரலாம், எந்த அறைக்கு வரலாம், எந்த அறைக்கு வரக் கூடாது.

மாத்திரை விஷயத்தில் மட்டும் வாய்ச்சொல்லோடு நிறுத்துவதில்லை. "ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்றால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "அட்டையைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்பேன். ஒரு வீட்டில் ஒவ்வொரு குழிக்கு மேலும் பேனாவால் தி, செ, பு என்று எழுதியிருந்தது. அம்மா எழுதியது. வெள்ளிவரை எல்லாம் கிழிந்திருந்தது. மெத்தையைச் சரி செய்தபோது தலையணை உறைக்குள்ளிருந்து பதினேழு மாத்திரை உதிர்ந்தது. அந்தப் பெண் அவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். அன்று அந்த வீட்டைவிட்டு நாங்கள் கிளம்ப மூன்றரை மணி நேரம் ஆனது.

ஜூன் 5, இரவு 11:50

உடனே படியுங்கள்.

பகலில் மாத்திரை பற்றி எழுதியதிலிருந்து ஏதோ ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. உங்கள் முதல் பதிவுக்குத் திரும்பிப் போனேன். 'காலை ஆட்டிக்கொண்டே.' 'ஒன்பது நாள்.' 'தூக்கம் வரவில்லை.' மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. நான் இரண்டு முறை படித்தும் பிடிக்கவில்லை.

சில மனநல மாத்திரைகள் ஆரம்பித்த முதல் நாட்களிலோ, அளவைக் கூட்டிய உடனோ சிலருக்கு உட்காரவே முடியாத தவிப்பு வரும். அகதிசியா என்பார்கள். 1901-இல் ஹாஷ்கோவெட்ஸ் என்ற செக் மருத்துவர் வைத்த பெயர், கிரேக்கத்தில் 'உட்கார முடியாமை' என்றே பொருள். மனப்பிரமைக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் அதிகம், மனச்சோர்வுக்குக் கொடுப்பவற்றிலும் வருவதுண்டு. பார்க்கிறவர்களுக்கு வெறும் பதற்றம் மாதிரி இருக்கும். அனுபவிக்கிறவர்கள் "தோலைக் கழற்றிப் போட்டுடலாம் போல இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். அது தாங்காமல் சாகலாம் என்று தோன்றியவர்களும் உண்டு. அதனால்தான் இந்த அவசரம்.

தம்பி நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நிற்கிறாரா? உட்கார்ந்தால் சில நிமிடத்தில் எழுந்துவிடுகிறாரா? இந்தத் தவிப்பு மாத்திரைக்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா? பிறகுதான் என்றால் காலையில் முதல் வேலையாக மாத்திரை எழுதிய டாக்டருக்குப் போன் செய்து இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நான் டாக்டர் இல்லை, நேரில் பார்க்கவும் இல்லை. அது வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். ஆனால் கேட்காமல் விடக் கூடாத கேள்வி இது.

ஜூன் 7

நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். 'சாப்பிட உட்கார்ந்தவன் எட்டு முறை எழுந்தான், எண்ணினேன்.' நீங்கள் எண்ணியது பெரிய விஷயம். டாக்டர் அளவைக் குறைத்து, தவிப்புக்குத் தனியாக ஒரு மாத்திரையும் கொடுத்து, மூன்று நாளில் பார்க்கிறேன் என்றாரே, நிம்மதி.

உடம்பின் கோளாறு மனதின் வேஷத்தில் வருவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். எண்பது வயதுப் பாட்டி ஒருவர். "இரண்டு நாளாகச் சித்தம் கலங்கிவிட்டது, மனநல மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்" என்று அழைப்பு. போனால் போர்வையின் நூலைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கூரையில் சின்னக் குழந்தைகள் ஊர்வதாகச் சொன்னார். எனக்கு முதல் மணி அடித்தது அந்த 'இரண்டு நாளாக' என்ற சொல்லில். எண்பது வயதுவரை தெளிவாக இருந்தவர் இரண்டு நாளில் மாறினார் என்றால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னேன். "சனி, வெள்ளி..." அப்புறம் நிறுத்தி, என் கையைப் பிடித்து, "வெள்ளிக்கிழமை யாரோ வராங்களே?" என்றார். கவனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. காலையில் கொஞ்சம் தெளிவு, மாலையானால் மோசம் என்று மருமகள் சொன்னார். நெற்றி சுட்டது. பொது மருத்துவமனைக்கு அனுப்பினோம். சிறுநீர்த் தொற்று. சில நாளில் தெளிந்து வீடு திரும்பினார். அன்று மனநல வார்டில் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ஜூன் 8

சின்னக் குறிப்பு. நேற்று ஒருவர், இந்த வீட்டு வருகையெல்லாம் சமீபத்திய பாணி என்று எழுதியிருந்தார். 1930-களிலேயே ஆம்ஸ்டர்டாமில் ஆரீ கெரிடோ என்ற மருத்துவர், மருத்துவமனையில் சேர்க்கும் முன் நோயாளியை வீட்டிலேயே போய்ப் பார்ப்பதை ஆரம்பித்துவிட்டார். பொருளாதார மந்தக் காலம், நகராட்சிக்கு மருத்துவமனைச் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது. பணத்தை மிச்சம் பிடிக்க ஆரம்பித்த வேலைதான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, பலரை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்ள முடியும் என்று தெரிந்தது. இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டின் அரசு சுகாதாரத் திட்டத்துக்குப் பிறகு நாடு முழுக்க நெருக்கடிக் குழுக்கள் வந்தன.

என் மனதுக்கு நெருக்கமானது பின்லாந்தின் மேற்கு லாப்லாந்து முறை. அழைத்த 24 மணி நேரத்துக்குள் முதல் சந்திப்பு, முடிந்தவரை வீட்டிலேயே, குடும்பமும் சேர்ந்து. பணியாளர்கள் தங்களுக்குள் பேசுவதையும் அவர்கள் முன்னாலேயே பேசுவார்கள்.

எழுதும்போதே இடிக்கிறது. ஜூன் 4 அன்று, எல்லார் முன்னாலும் கேட்டது பிழை என்றேன். இங்கே எல்லாரும் சேர்ந்திருப்பதைப் புகழ்கிறேன். யோசித்துப் பார்த்தால், அங்கே அதே ஆட்கள் மாதக்கணக்கில் வருகிறார்கள், யாரும் இருபது நிமிடத்தில் எழுந்து போவதில்லை. முன்பின் தெரியாத இருவர் ஒரே ஒரு முறை வருகிற இடத்தில் தனிப் பேச்சு வேண்டும் என்பதை இப்போதும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஜூன் 9

போலீஸைக் கூட அழைத்து வந்தால் பாதுகாப்புதானே என்று கேட்டவருக்கு: ஆயுதமோ அடிதடியோ இருந்தால் வேறு வழியில்லை. மற்ற நேரங்களில் சீருடை வாசலில் தெரிந்ததுமே அந்த மனிதர், தான் குற்றம் செய்தவன் என்று நினைத்துவிடுகிறார். அதற்குப் பிறகு கிடைப்பது வாக்குமூலம், மனம் திறந்த பேச்சு வராது. அமெரிக்காவின் யூஜீன் நகரில் 1989-இல் 'கஹூட்ஸ்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். மருத்துவ உதவியாளர் ஒருவர், நெருக்கடிப் பணியாளர் ஒருவர், கையில் ஆயுதம் இல்லாமல் ஒரு வேனில் போவார்கள். பல ஊர்கள் அதைப் பார்த்துக் கற்றன. பணப் பற்றாக்குறையால் 2025-இல் அந்த நகரிலேயே அது நின்றுபோனது எனக்கு உண்மையிலேயே துக்கம். ஸ்டாக்ஹோமில் 2015 முதல் மனநல நர்ஸ்கள் செல்லும் தனி ஆம்புலன்ஸே ஓடுகிறது.

தற்கொலை முயற்சி என்று சொன்னால் வழக்குப் போடுவார்களோ என்று பயந்து இந்தியாவில் பலர் அழைப்பதே இல்லை. 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தயங்காமல் அழையுங்கள்.

ஜூன் 12

வியாழக்கிழமை வேறு ஒருவர் வரப்போகிறார், நான் என்ன கேட்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஹாலில் நாற்காலி போட்டு வைக்காதீர்கள். தம்பி எங்கே உட்கார நினைக்கிறாரோ அங்கே உட்காரட்டும். வருபவரிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "அவனோடு தனியாகப் பேசுங்கள், அப்புறம் எங்களோடு பேசுங்கள்." எட்டு முறை எழுந்ததை, மாத்திரை தேதிகளை, அவர் சொன்ன அந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பதற்றத்தில் வாய் மறந்துவிடும், தாள் மறக்காது.

கிளம்புமுன் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்டான்லி, பிரவுன் என்ற இருவர் வகுத்தது, ஒரே பக்கம்தான். எண்ணம் கிளம்பும் முன் என்ன அறிகுறி தெரியும், தானாக என்ன செய்து கடக்கலாம், யாரோடு போய் இருந்தால் மனம் திரும்பும், யாரிடம் வாய்விட்டு உதவி கேட்கலாம், எந்தச் சேவையை அழைக்கலாம், எதைக் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. இந்தத் திட்டத்தோடு தொடர்ந்து போனிலும் விசாரிக்கப்பட்டவர்களிடையே, அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தை ஏறக்குறைய 45 சதவீதம் குறைவாக இருந்தது. அந்தப் பக்கத்தை எழுத வேண்டியது தம்பியின் கை, தம்பியின் சொற்கள். பணியாளர் தன் வார்த்தையில் நிரப்பிக் கொடுத்தால் அது மேஜை டிராயருக்குள் போய்விடும்.

அடுத்து யார், எந்த நாள், எத்தனை மணிக்கு. பதில் கிடைக்கும்வரை கதவருகே நின்று கேளுங்கள். நீங்கள் தொந்தரவு செய்யவில்லை.

ஜூன் 16

தம்பியும் வியாழக்கிழமை வந்தவரும் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள் என்று படித்தேன். என்ன பேசினார்கள் என்று தம்பியிடம் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்காமலே இருங்கள், அவராகச் சொல்லும்போது சொல்லட்டும்.

தாளில் 'யாரோடு இருந்தால்' என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறார் என்றால், இந்த வாரம் உங்கள் வேலை நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடியுமா பாருங்கள். இரவு வேளைதான் அவருக்குக் கடினம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் நான்கு மணி நேரம், கால் ஆட்டம் குறைந்திருக்கிறது, முழுக்க நிற்கவில்லை. இரண்டையும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள், செவ்வாய்க்கிழமை அந்தப் பணியாளர் வரும்போது முதலில் அதைக் காட்டுங்கள்.